வேர் தேடும் வம்சாவளியினர்: வாசல் திறந்தது, வழி எங்கே?

புது தில்லி: தங்கள் மூதாதையர் எந்த ஊரிலிருந்து கப்பலேறினர் என்ற கேள்வி, மோரீஷஸிலும் டிரினிடாடிலும் சுரிநாமிலும் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு நெடுங்காலம் உணர்வு சார்ந்த ஒன்றாக மட்டுமே இருந்தது. அண்மைக் காலமாக அது சட்டம் சார்ந்த கேள்வியாகவும் மாறியிருக்கிறது.

வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை எனப்படும் ஓசிஐ அட்டை, பொது விதிப்படி கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்தி வரையிலான வாரிசுகளுக்கே உரியது. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் சந்ததியினருக்காக இந்த வரம்பைத் தில்லி சிறிது சிறிதாகத் தளர்த்தி வருகிறது. மோரீஷஸில் உள்ள அவர்களது வாரிசுகளுக்குத் தனி நடைமுறை வகுக்கப்படும் என்று 2017 ஜனவரியில் பெங்களூரில் நடந்த வெளிநாடுவாழ் இந்தியர் தின மாநாட்டில் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். 2023 ஜூனில் சுரிநாம் சென்ற குடியரசுத் தலைவர் திரெளபதி முர்மு, அந்நாட்டினருக்கு ஆறாம் தலைமுறை வரை இச்சலுகை நீட்டிக்கப்படுவதாகத் தெரிவித்தார். 2024 மார்ச்சில் மோரீஷஸில் ஏழாம் தலைமுறைக்கும் தகுதி உண்டு என்ற அறிவிப்பு வந்தது. 2025 ஜூலையில் டிரினிடாட்-டொபாகோவின் ஆறாம் தலைமுறையினருக்கும் வாசல் திறக்கப்பட்டது.

இந்த அட்டை வாக்குரிமையைத் தருவதில்லை. விவசாய நிலம் வாங்கவோ, அரசமைப்புச் சட்டப் பதவிகளை வகிக்கவோ இதை வைத்திருப்பவர்களால் முடியாது. ஆயினும், வாழ்நாள் முழுவதும் விசா இன்றி வந்து செல்லவும், கல்வி, பொருளாதாரத் துறைகளில் பல வாய்ப்புகளைப் பெறவும் இது வழிசெய்கிறது. அதைவிட முக்கியமாக, "நீ எங்களைச் சேர்ந்தவன்' என்று இந்திய அரசு எழுத்துபூர்வமாக ஒப்புக்கொள்வதாக அந்த மக்கள் இதைக் கருதுகின்றனர்.

ஆனால், ஆறாம் தலைமுறை வாரிசு ஒருவர் தமது மூதாதை இந்தியர்தான் என்பதை எதைக் கொண்டு மெய்ப்பிப்பது? நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் குமாஸ்தா ஒருவர் துறைமுகத்தில் நிரப்பிய சீட்டு ஒன்றே பெரும்பாலோருக்குத் துணை. அந்தச் சீட்டும் கிடைக்காதோர், இப்போது மரபணுப் பரிசோதனையின் பக்கம் திரும்பியிருக்கின்றனர். இவ்விரண்டும் எதுவரை கைகொடுக்கும் என்பதே இன்றைய கேள்வி.

எண்களாகச் சென்றவர்கள்

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-ல் நிறைவேறியதும், கரும்புத் தோட்ட முதலாளிகள் மலிவான உழைப்பைத் தேடி இந்தியாவின் பக்கம் திரும்பினர். 1834 நவம்பர் 2-ஆம் தேதி "அட்லஸ்' என்ற கப்பல் 36 தொழிலாளர்களுடன் மோரீஷஸின் போர்ட் லூயி துறைமுகத்தை அடைந்தது. அவர்களுக்குப் பின் அத்தீவுக்கு வந்து இறங்கியோர் சுமார் நாலரை லட்சம் பேர். அவர்கள் கால்பதித்த ஆப்பிரவாசி காட், 2006-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

பிரிட்டிஷ் கயானாவுக்கு 1838 மே மாதம் முதல் கப்பல்கள் சென்றன. டிரினிடாடுக்கு 1845 மே 30-லும், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 நவம்பர் 16-லும், டச்சுக் குடியேற்றமான சுரிநாமுக்கு 1873 ஜூன் 5-லும், பிஜிக்கு 1879 மே 14-லும் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. கயானாவுக்குச் சென்றோர் ஏறத்தாழ 2.39 லட்சம், நேட்டாலுக்கு 1.52 லட்சம்; டிரினிடாடுக்கு 1.44 லட்சம், பிஜிக்கு 60 ஆயிரத்துக்கும் மேல், சுரிநாமுக்கு 34 ஆயிரத்துக்கும் மேல்.

"அக்ரிமெண்ட்' என்ற ஆங்கிலச் சொல் அவர்கள் நாவில் "கிர்மிட்' ஆயிற்று, கிர்மிட்டில் சென்றவர்கள் "கிர்மிட்டியா' ஆயினர். இந்த முறையை எதிர்த்து இம்பீரியல் சட்ட மேலவையில் 1910-ல் கோபால கிருஷ்ண கோகலே தீர்மானம் கொண்டு வந்தார். அதன் விளைவாக, நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது 1911-ல் நின்றது. 1916 மார்ச்சில் மதன் மோகன் மாளவியா கொண்டு வந்த தீர்மானம் இம்முறை முழுவதையும் ஒழிக்க வேண்டும் என்றது. வைஸ்ராய் ஹார்டிஞ்ச் அதன் நோக்கத்தை ஏற்றார். 1917-ல் ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது. 1920-ல் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் ரத்தாயின.

ஒரு சீட்டில் ஒரு வாழ்க்கை

கப்பலேறும் ஒவ்வொருவருக்கும் புலம்பெயர்வுச் சீட்டு ஒன்று எழுதப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, ஜாதி, மாவட்டம், காவல் எல்லை அல்லது தாலுகா, கிராமம், நெருங்கிய உறவினர், உயரம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் ஆகியவை அதில் இடம்பெற்றன. மருத்துவரும் குடியேற்றப் பாதுகாவல் அதிகாரியும் கையொப்பமிட்டனர். போய்ச் சேர்ந்த இடத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. தப்பி ஓடுபவரை அடையாளம் காண்பதற்காக ஏற்பட்ட இந்த ஏற்பாடே, இன்று கொள்ளுப் பேரனின் பேரனுக்கு ஊர்ப் பெயரைச் சொல்லும் ஒரே சான்றாக இருக்கிறது.

சீட்டு கப்பலோடு போயிற்று. எனவே, ஆவணமும் அயல்நாட்டில்தான் இருக்கிறது. மோரீஷஸ் ஆவணங்கள், இந்திய அரசின் ஒத்துழைப்புடன் மோகாவில் அமைந்த மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1860-களிலிருந்து எடுக்கப்பட்ட தொழிலாளர் புகைப்படங்களும் அங்கு உள்ளன. பிஜியின் சீட்டுகள் சுவா நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சுரிநாம் சென்றவர்களின் பெயர்ப் பட்டியலை அந்நாட்டு ஆவணக் காப்பகமும் நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகமும் எவரும் தேடிப் பார்க்கும் வகையில் இணையத்தில் வைத்துள்ளன. பிஜி, கயானா, சுரிநாம், டிரினிடாட் ஆகிய நாடுகளின் ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேடுகளை யுனெஸ்கோ 2011-ல் தனது "உலக நினைவு'ப் பதிவேட்டில் சேர்த்தது.

இச்சீட்டுகளின் மதிப்பை ஆய்வுலகுக்கு உணர்த்தியவர் பிஜியைச் சேர்ந்த வரலாற்றறிஞர் பிரிஜ் வி. லால். உத்தரப் பிரதேசத்தின் பஹ்ராய்ச் பகுதியிலிருந்து சென்ற ஒரு கிர்மிட்டியாவின் பேரன் அவர். கல்கத்தாவிலிருந்து பிஜிக்குச் சென்ற 45,439 பேரின் சீட்டுகளையும் கணினியில் ஏற்றி ஆராய்ந்து, 1983-ல் "கிர்மிட்டியாஸ்' என்ற நூலை வெளியிட்டார். சென்றவர்கள் அனைவரும் ஊரில் ஒட்டாத உதிரிகள், கீழ்த்தட்டினர் என்ற கருத்தை அந்த ஆய்வு உடைத்தது. பல ஜாதியினரும், குடும்பமாகச் சென்றோரும், பஸ்தி போன்ற மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காக ஏற்கெனவே வெளியூர்களுக்குப் பெயர்ந்திருந்தோரும் அதில் இருந்தனர் என்பதைச் சீட்டுகளே சொல்லின.

தலைவர்களுக்குக் கிடைத்த ஊர்

அதிகாரத்தில் இருப்போருக்கு வேர் தேடல் பெரும்பாலும் வெற்றியாகவே முடிந்திருக்கிறது. மோரீஷஸின் முதல் பிரதமர் சீவூசாகூர் ராம்கூலத்தின் தந்தை, பிகாரின் போஜ்பூர் மாவட்டம் ஹரிகாவ் கிராமத்தைச் சேர்ந்தவர். டிரினிடாட் பிரதமர் கமலா பெர்சாத் பிசேசர், 2012 ஜனவரியில் பிகாரின் பக்ஸர் மாவட்டத்திலுள்ள பேலுபூருக்குச் சென்று தமது முப்பாட்டனார் வாழ்ந்த மண்ணைத் தொட்டார். ஷெஷெல்ஸின் வாவெல் ராம்கலாவன், அந்நாட்டின் அதிபராவதற்கு முன்பே, 2018-ல் கோபால்கஞ்ச் மாவட்டத்தின் பர்சௌனி கிராமத்துக்கு வந்து சென்றார்.

சாதாரணக் குடிமகனுக்கு மாவட்ட நிர்வாகம் ஓடிவந்து உதவுவதில்லை. அவர் கையில் இருக்கும் சீட்டில் "ஷாஹாபாத் மாவட்டம்' என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரில் இன்று பிகாரில் மாவட்டமே கிடையாது. 1972-ல் அது போஜ்பூர், ரோத்தாஸ் என இரண்டாகப் பிரிந்தது. பின்னர் பக்ஸரும் கைமூரும் உருவாயின. பஸ்தியிலிருந்து சித்தார்த்நகரும், ஆஜம்கரிலிருந்து மவூவும் பிரிந்தன. கிராமத்தின் பெயரோ, போஜ்புரியில் சொன்னதை வங்காளி குமாஸ்தா காதில் வாங்கி ஆங்கிலத்தில் எழுதியது. ஒரே பெயரில் நாலைந்து கிராமங்கள் இருக்கும் மாவட்டங்களும் உண்டு.

மத்திய அரசுக்கு இந்தச் சிக்கல் தெரியாமல் இல்லை. எல்.எம். சிங்வி தலைமையிலான உயர்நிலைக் குழு 2002 ஜனவரியில் அளித்த அறிக்கையே இன்றைய வெளிநாடுவாழ் இந்தியர் கொள்கைக்கு அடித்தளம். அப்போதிருந்த வெளிநாடுவாழ் இந்தியர் நலத் துறை அமைச்சகம், 2008 அக்டோபரில் வேர்களைக் கண்டறியும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. விண்ணப்பதாரர் இந்தியத் தூதரகத்தில் ரூ. 30 ஆயிரம் செலுத்த வேண்டும். தேடல் வெற்றி பெறாவிட்டால் ரூ. 20 ஆயிரம் திருப்பித் தரப்படும். தேடும் பொறுப்பு ஒரு தனியார் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த அமைச்சகமே 2016-ல் வெளியுறவு அமைச்சகத்துடன் இணைக்கப்பட்டுவிட்டது.

சென்னைக் கப்பல்களின் கதை

இதுவரை சொன்னவை பெரும்பாலும் கல்கத்தாவில் கப்பலேறியவர்களைப் பற்றியவை. சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்களின் வாரிசுகளுக்குச் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். நேட்டாலின் முதல் கப்பலான "ட்ரூரோ' சென்னையிலிருந்துதான் புறப்பட்டது. நேட்டாலுக்குச் சென்றோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்தவர். பிஜிக்கு 1903 முதல் சென்னையிலிருந்து சென்றவர்கள் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். மோரீஷஸ் கரும்புத் தோட்டங்களிலும் தமிழரும் தெலுங்கரும் பெருமளவில் உழைத்தனர்.

சீட்டில் "வட ஆற்காடு' என்று இருந்தால் இன்று எங்கே தேடுவது? 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதன் ஒரு பகுதி பிரிந்து சென்றது. இன்று அது ஆந்திரத்தில் இருக்கிறது. எஞ்சியது 1989-ல் இரண்டானது. அவற்றுள் வேலூர் 2019-ல் மீண்டும் மூன்றானது. தென் ஆற்காடு 1993-ல் கடலூர், விழுப்புரம் எனப் பிரிந்தது. கஞ்சம் ஒடிசாவுக்குப் போயிற்று. ஒரே சீட்டுக்காக மூன்று மாநிலங்களின் வாசல்களைத் தட்ட வேண்டிய நிலை இது.

பெயரும் உருமாறியிருக்கிறது. கவுண்டர் நேட்டாலில் "கோவெண்டர்' ஆனார், முதலி "மூட்லி' ஆனார். மோரீஷஸில் ஆறுமுகம் "ஆர்முகம்' என்றும் சுப்பிரமணியன் "சுப்ரமானியென்' என்றும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் உறைந்தனர். தந்தையின் பெயரை முன்னெழுத்தாகக் கொள்வது தமிழர் வழக்கம். அங்கோ ஒரு தலைமுறையில் தனிப்பெயராக இருந்தது, அடுத்த தலைமுறையில் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து ரீயூனியனுக்கும் கரீபியப் பிரெஞ்சுத் தீவுகளுக்கும் சென்றவர்களின் ஆவணங்கள் பிரெஞ்சு மொழியில் உள்ளன.

சீட்டே இல்லாமல் சென்றவர்களும் உண்டு. இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டோர் லட்சக்கணக்கில் இருந்தனர். கங்காணி முறையில் ஆளுக்கொரு சீட்டு என்ற வழக்கம் இல்லை. நேட்டாலுக்குச் சென்ற தமிழனின் வாரிசுக்காவது ஒரு கப்பல் பட்டியல் இருக்கிறது. தலைமன்னாரில் இறங்கி மலையகத்துக்கு நடந்தவரின் வாரிசுக்கு, தோட்டத் துரையின் செக்ரோல்தான் மிச்சம். வட இந்தியரை மனத்தில் கொண்டு வகுக்கப்படும் ஆவண விதி, தெற்கே இருந்து சென்ற பெரும் பகுதியினரை விலக்கிவிடும் என்பதைத் தமிழக உறுப்பினர்கள் அவையில் சுட்டிக்காட்ட வேண்டும்.

அறுபடும் பெண் வழி

ஓசிஐ விண்ணப்பத்துக்கு மூதாதையின் சீட்டு மட்டும் போதாது. அவரிடமிருந்து விண்ணப்பதாரர் வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணச் சான்றுகள் சங்கிலிபோலத் தொடர வேண்டும். இந்தச் சங்கிலி அறுபடும் இடம் பெரும்பாலும் திருமணம்.

கிறிஸ்தவ முறைப்படியோ பதிவுச் சட்டப்படியோ நடக்காத திருமணங்களைக் குடியேற்ற நாட்டு அரசுகள் நீண்டகாலம் ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1913-ல் நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பு, கிறிஸ்தவம் அல்லாத சடங்குகளின்படி நடந்த இந்தியத் திருமணங்களைச் செல்லாதவையாக்கியது. காந்தியடிகளின் சத்தியாகிரகத்தில் பெண்கள் சிறை புகுந்ததற்கு அத்தீர்ப்பே முக்கியக் காரணம். டிரினிடாடில் முஸ்லிம், இந்துத் திருமணங்களுக்கான தனிச் சட்டங்கள் 1930, 1940-களில்தான் வந்தன. அதுவரை பிறந்த குழந்தைகள் பலர், தந்தை பெயர் இன்றியே பதிவேட்டில் ஏறினர்.

100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற விகிதத்தில் ஆள் சேர்க்க வேண்டும் என்று விதி இருந்தது. துணையின்றித் தனியே கப்பலேறிய பெண்களும் அவர்களில் கணிசமாக இருந்தனர். 1903-ல் கருவுற்ற நிலையில் தனியே கல்கத்தாவிலிருந்து கயானாவுக்குச் சென்ற தமது கொள்ளுப்பாட்டி சுஜாரியாவின் தடத்தைத் தேடி, அமெரிக்கப் பத்திரிகையாளர் கயூத்ரா பகதூர் 2013-ல் ஒரு நூலை எழுதினார். கப்பலும் ஆண்டும் ஊரும் ஆவணத்தில் கிடைத்தன. அப்பெண் ஏன் புறப்பட்டார் என்பது எந்தச் சீட்டிலும் இல்லை.

மரபணு எதைச் சொல்லும்?

ஆவணம் முடியும் இடத்தில் மரபணு தொடங்கும் என்று பரிசோதனை நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. எச்சிலைக் குழாயில் இட்டு அஞ்சலில் அனுப்பினால், சில வாரங்களில் வம்சாவளி அறிக்கை வந்துவிடும். அறிவியல் சொல்வது இதைவிட அடக்கமானது.

ஐந்து தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 32 மூதாதையர். ஆறு தலைமுறைக்கு முன் 64 பேர். அவர்களுள் கப்பலேறிய ஒருவரிடமிருந்து வந்திருக்கக்கூடிய மரபணுப் பங்கு, சராசரியாக முறையே 3 சதவீதம், ஒன்றரை சதவீதம் அளவே. தொலைவு கூடக் கூட, ஒரு குறிப்பிட்ட மூதாதையின் கூறு சுத்தமாக இல்லாமலே போகவும் வாய்ப்பு உண்டு. தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் ஒய் குரோமோசோமும், தாயிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்லும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவும் அதிகம் மாறாமல் வருகின்றன. பெண் வழியை அறிய மைட்டோகாண்ட்ரியா ஒரு நல்ல துணை. ஆனால் அவை சுட்டுவது ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கிளையை. 1880-ல் விட்டு வந்த கிராமத்தை அல்ல.

இந்தியாவுக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. ஹைதராபாதில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையமும் (சிசிஎம்பி) ஹார்வர்ட் ஆய்வாளர்களும் இணைந்து 2009-லும் 2013-லும் வெளியிட்ட ஆய்வுகள், இந்திய மக்களில் பெரும்பாலோர் இரு பழங்குழுக்களின் கலப்பு என்றும், சுமார் 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் அக்கலப்பு பரவலாக நடந்து பின்னர் அகமண முறை இறுகியது என்றும் காட்டின. சிறு குழுக்களுக்குள்ளேயே பல நூற்றாண்டுகள் மணஉறவு நடந்ததால், தொடர்பே இல்லாத இருவர்கூடப் பரிசோதனையில் நெருங்கிய பங்காளிகள்போலத் தோன்றுவர். 2017-ல் வெளியான ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 260-க்கும் மேற்பட்ட இந்தியக் குழுக்களில் 81-ல் இந்தத் தன்மை மிக வலுவாக இருந்தது.

ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் மரபணு பெரிதும் உதவும். சீட்டு ஒரு கிராமத்தைக் காட்டி, அங்குள்ள ஒரு குடும்பம் தங்கள் வழியில் ஒருவர் கடல் கடந்து போனதாகச் சொல்லி, இரு தரப்பும் பரிசோதனைக்கு இசைந்தால் உறவு உறுதியாகக்கூடும். ஆகவே, மரபணு சாட்சியாக வரலாம். வழிகாட்டியாக வர இயலாது. தனியார் நிறுவனங்களின் தரவுத் தொகுப்புகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி. பிகார் கிராமத்து உழவரோ கடலூர் மாவட்டத்துக் கூலியோ அதில் இருப்பது அரிது. 10 ஆயிரம் இந்தியர்களின் மரபணு வரைபடத்தைத் தொகுத்த அரசின் ஜீனோம் இந்தியா திட்டத் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. அவை மருத்துவ, அறிவியல் ஆய்வுக்கானவை; குடும்பத் தேடலுக்கானவை அல்ல.

காப்பில்லாத தரவு

பரிசோதனைக்கு எச்சிலைத் தருபவர் தமது தகவலை மட்டும் தருவதில்லை. உடன்பிறந்தார், பிள்ளைகள், இனிப் பிறக்கவிருப்போர் ஆகியோரின் தகவலையும் சேர்த்தே தருகிறார். அமெரிக்காவின் 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து 2023-ல் சுமார் 69 லட்சம் வாடிக்கையாளர்களின் தகவல்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தபோது, அத்தனை பேரின் மரபணுத் தரவும் விற்பனைக்குரிய சொத்தாகிவிட்டது.

நமது நாடாளுமன்றத்தின் நிலை என்ன? டிஎன்ஏ தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா 2019 ஜனவரியில் மக்களவையில் நிறைவேறி, அவை கலைந்ததால் காலாவதியானது. அதே ஆண்டு ஜூலையில் மீண்டும் அறிமுகமாகி, நிலைக்குழுவுக்குச் சென்றது. 2021 பிப்ரவரியில் குழு அறிக்கை அளித்தது. 2023 ஜூலையில் மசோதாவை அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. அதுவும் குற்றவியல், காணாமற்போனோர் அடையாளம் போன்றவற்றை முதன்மையாகக் கொண்டதே தவிர, வம்சாவளிச் சந்தையை நோக்கியது அன்று. 2019-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா, மரபணுத் தரவைத் தனிக் கவனம் தேவைப்படும் நுண்தரவாக வகைப்படுத்தியிருந்தது. 2023-ல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை.

அஸ்ஸாம் தரும் பாடம்

மூதாதை ஆவணத்தை மட்டுமே நம்புவது எத்தகைய விளைவுகளைத் தரும் என்பதை நாட்டுக்குள்ளேயே பார்த்திருக்கிறோம். அஸ்ஸாமின் தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் இடம்பெற, 1951-ஆம் ஆண்டுப் பதிவேட்டிலோ, 1971 மார்ச் 24 நள்ளிரவு வரையிலான வாக்காளர் பட்டியல் போன்ற ஆவணங்களிலோ தம் முன்னோர் பெயர் இருப்பதைக் காட்டி, அவரோடு தமக்குள்ள உறவையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 2019 ஆகஸ்ட் 31-ல் வெளியான இறுதிப் பட்டியலில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடுபட்டனர். மணமாகி வேறு ஊர் சென்ற பெண்கள், தந்தையோடு தம்மை இணைக்கும் சான்றுக்கு ஊராட்சிச் செயலரையே நம்பியிருந்தனர். அந்தச் சான்று செல்லாது என்று 2017-ல் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் கூறியதை, உச்ச நீதிமன்றம் தலையிட்டு மாற்ற வேண்டியதாயிற்று.

கரீபியத் தீவில் இருப்பவர் பெறுவது ஒரு சலுகை; அஸ்ஸாமில் இருப்பவர் இழப்பது குடியுரிமை. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் எழுத்தறிவில்லாத ஏழைக்கும், ஊர் மாறும் பெண்ணுக்கும் தாள் துணைவராது என்ற உண்மை இரு இடங்களிலும் ஒன்றுதான்.

செய்ய வேண்டியவை

கிர்மிட்டியா மக்களைப் பற்றிய விரிவான தரவுத் தொகுப்பு உருவாக்கப்படும் என்று பிரதமர் 2025 ஜனவரியில் புவனேசுவரத்திலும், ஜூலையில் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலும் பேசியிருக்கிறார். அது பேச்சோடு நில்லாதிருக்க, நாடாளுமன்றம் வலியுறுத்த வேண்டியவை சில உண்டு.

முதலாவதாக, அயல்நாட்டுக் காப்பகங்களில் உள்ள சீட்டுகளின் எண்மப் படிகளைப் பெற்று, பழைய மாவட்ட, தாலுகா பெயர்களை இன்றைய எல்லைகளோடு இணைக்கும் பட்டியல் தயாரிக்க வேண்டும். இதில் சென்னை மாகாணச் சீட்டுகளுக்குத் தனி இடம் வேண்டும். எழும்பூரில் 1909 முதல் இயங்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் ஆந்திர, ஒடிசா காப்பகங்களையும் இப்பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, அன்றைய சட்டப்படி, ஆள் சேர்க்கப்பட்ட மாவட்டத்திலேயே முதல் பதிவு நடந்தது. பின்னாளில் இந்திய மொழிகளை அளந்த கிரியர்சன், 1883-ல் பிகார் குடியேற்றம் பற்றி அறிக்கை எழுதியபோது அத்தகைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார். ஆட்சியர் அலுவலக ஆவண அறைகளில் அவற்றில் எவை எஞ்சியுள்ளன என்று கணக்கெடுப்பது அவசியம். ஹரித்வார் பண்டாக்களின் வம்சாவளிக் குறிப்பேடுகளையும் துணைச் சான்றாக ஏற்பது குறித்து ஆராயலாம்.

மூன்றாவதாக, திருமணச் சான்று இல்லாத தலைமுறைகளுக்கு, தோட்டப் பதிவேடு, பள்ளி, கோயில், தேவாலயப் பதிவு போன்றவற்றை மாற்றுச் சான்றாக ஏற்கும் விதி எழுத்தில் வர வேண்டும். ஒரு நாட்டுக்கு ஒரு சலுகை என்று அயல்நாட்டுப் பயணத்தின்போது அறிவிப்பதைவிட, எல்லா நாட்டினருக்கும் பொதுவான விதியே நியாயமானது.

நான்காவதாக, மரபணுச் சான்றை எவர்மீதும் திணிக்கக் கூடாது. விரும்பித் தருவோரின் தரவுக்குச் சட்டக் காப்பு வேண்டும். ஜாதியைக் கண்டறியும் கருவியாக அது மாறிவிடாமல் தடுப்பதும் அரசின் கடமை. கப்பலில் ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கி, "ஜஹாஜி பாய்' என்று ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு ஜாதிக் கட்டைத் தளர்த்தியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, அந்தக் கட்டை மீண்டும் தாய்நாட்டுப் பரிசாக அளிப்பது கொடுமை.

கோகலேயும் மாளவியாவும் அன்று அவையில் வாதிட்டது, இந்தியத் தொழிலாளியை வெறும் எண்ணாகக் கருதிய ஒரு முறையை எதிர்த்து. அந்த எண்ணின் பின்னே இருந்த பெயரையும் ஊரையும் மீட்டுத் தர வேண்டிய பொறுப்பு இன்றைய நாடாளுமன்றத்துக்கு இருக்கிறது. தாள்கள் மட்கிக்கொண்டிருக்கின்றன, பழைய ஊர்ப் பெயரையும் பாட்டன் பெயரையும் நினைவில் வைத்திருக்கும் முதியோரும் குறைந்து வருகின்றனர். எனவே, இப்பணிக்கு நிதியும் கால வரம்பும் அடுத்த கூட்டத்தொடரிலேயே கேட்கப்பட வேண்டும்.